போகாத ஊருக்குப் பிளாட் போட்டவர்கள்

சங்கம் ஆரம்பிக்கும்போதே அதை எங்கே கலைக்கப் போகிறோம் என்று அறிவித்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நம்ம ஊர் வழக்கப்படி சங்கம் என்றால் இரண்டாம் வருடம் இரண்டாக உடையும், மூன்றாம் வருடம் இரண்டும் கோர்ட்டில் நிற்கும் :-) இவர்கள் கதை வேறு. 1975ல் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரில், கீத் ஹென்சன், கரோலின் ஹென்சன் என்ற தம்பதி 'எல்-5 சொசைட்டி' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். செப்டம்பரில் வந்த முதல் செய்தி மடல் வெறும் நாலு பக்கம். அதிலேயே தங்கள் நீண்டகால லட்சியத்தை எழுதிவிட்டார்கள்: எல்-5க்கு எல்லோரும் போய்ச் சேர்ந்து, அங்கேயே பொதுக்குழுவைக் கூட்டி, சங்கத்தைக் கலைத்துவிடுவது.

எல்-5 என்பது தெருப் பெயர் இல்லை. நிலவு பூமியைச் சுற்றும் அதே பாதையில், நிலவுக்கு 60 டிகிரி பின்னால் இருக்கும் ஓர் இடம். 60 டிகிரி முன்னால் இருப்பது எல்-4. இரண்டு பெரிய பொருள்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, மூன்றாவதாக ஒரு சின்னப் பொருள் இந்த இடங்களில் தங்க முடியும் என்று பிரெஞ்சுக் கணித மேதை லக்ராஞ்சு 1772ல் கணக்குப் போட்டுக் காட்டினார். அவர் பெயரின் முதல் எழுத்துதான் அந்த 'எல்'. வியாழனின் பாதையில் இப்படி முன்னும் பின்னும் விண்கற்கள் இருப்பதை 1906லிருந்து பார்த்துக் கொண்டிருக்கிறார்கள். ஆகவே இடம் கற்பனை இல்லை. அங்கே பட்டா போட்டுக் குடியேறுவதுதான் கற்பனை.

"95ல் எல்-5" என்பது அவர்கள் கோஷம். 1995க்குள் அங்கே வீடு! 95 வந்தது, போனது. அங்கே ஒரு செங்கல் கூட இல்லை. இதுவரையிலும் இல்லை. பிறகு இவர்கள் கதையை ஏன் எழுதவேண்டும் என்கிறீர்களா? ஜெயித்தவர்கள் வரலாறு எல்லாருக்கும் தெரியும். ஆம்ஸ்ட்ராங், அப்பல்லோ என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். தோற்றவர்கள் என்ன கேள்வி கேட்டார்கள் என்பதுதான் சுவாரசியம். அந்தக் கேள்விகளில் சில, நான் இப்போது குடியிருக்கும் நவி மும்பை வரைக்கும் வருகின்றன. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

*

மூலவர் ஜெரார்ட் ஓநீல். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். துகள்களை எதிரெதிரே மோதவிட்டு ஆராயும் இயந்திரங்களுக்கு அடிப்படையான சேமிப்பு வளையங்களை யோசித்துச் சொன்னவர்களில் ஒருவர். ஆக, ஆள் சாதாரணமானவர் இல்லை. 1969ல் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு கேள்வி வைத்தார்: வளர்ந்துகொண்டே போகும் ஒரு தொழில்நுட்பச் சமுதாயத்துக்கு, ஒரு கிரகத்தின் மேல்தரைதான் சரியான இடமா?

அப்பல்லோ நிலவில் இறங்கிய வருடம். ஊரே அடுத்தது செவ்வாய் என்று பேசிக்கொண்டிருக்கிறது. இவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்து "இல்லை" என்ற விடைக்கு வந்தார்கள். கிரகம் என்பது ஈர்ப்புக் கிணறு. ஒரு கிணற்றிலிருந்து கஷ்டப்பட்டு ஏறி இன்னொரு கிணற்றில் குதிப்பானேன்? வெட்டவெளியில் 24 மணி நேரமும் வெயில் இருக்கிறது. கட்டுமானப் பொருளை பூமியிலிருந்து தூக்க வேண்டாம், நிலவிலிருந்து எடுக்கலாம். பூமியை விட்டுத் தப்ப நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். நிலவுக்கு 2.4 போதும். வேகத்தின் வர்க்கம்தான் ஆற்றல் என்பதால், ஒரு கிலோ மண்ணை நிலவிலிருந்து கிளப்ப ஆகும் ஆற்றல் பூமியோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. திட்டம் முழுக்க இந்த ஒரு வகுத்தல் கணக்கின் மேல்தான் நிற்கிறது.

கட்டுரையாக எழுதி அனுப்பினால் சில வருடங்களுக்குப் பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. 1974 மே மாதம் பிரின்ஸ்டனில் ஒரு சிறு கூட்டம் போட்டார். அதற்குக் கிடைத்த நன்கொடை 600 டாலர். கூட்டத்துக்கு வந்திருந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் அதை முதல் பக்கச் செய்தி ஆக்கிவிட்டார். செப்டம்பரில் 'ஃபிசிக்ஸ் டுடே' கட்டுரையை வெளியிட்டது. அதில் ஓர் அட்டவணை உண்டு. நான்கு மாதிரி நகரங்கள். முதலாவது 100 மீட்டர் ஆரம், ஒரு கிலோமீட்டர் நீளம், 10,000 பேர், அதிவிரைவில் முடிக்கக்கூடிய வருடம் 1988. நான்காவது 3.2 கிலோமீட்டர் ஆரம், 32 கிலோமீட்டர் நீளம், லட்சக்கணக்கில் ஜனங்கள், 2008. நிதானமான இயற்பியலும் நிதானமே இல்லாத காலண்டரும் ஒரே பக்கத்தில்!

*

எண்கள் சும்மா அழகுக்குப் போட்டவை இல்லை. எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் ஒன்றைச் சொல்கிறேன்.

வெட்டவெளியில் எடை கிடையாது. எடை இல்லாவிட்டால் எலும்பு தேயும், தசை கரையும். ஆகவே வீட்டையே ராட்டினம் மாதிரி சுற்றவிட வேண்டும். கயிற்றில் வாளியைக் கட்டித் தலைக்குமேல் சுற்றினால் தண்ணீர் கொட்டாது இல்லையா, அதே விஷயம். எவ்வளவு வேகம்? ஓநீலின் முதல் மாதிரி 21 விநாடிக்கு ஒரு சுற்று. 1975 கோடையில் நாசாவின் எய்ம்ஸ் மையமும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகமும் சேர்ந்து 10 வாரம் உட்கார்ந்து இதை ஆராய்ந்தன. நிமிடத்துக்கு ஒரு சுற்றுக்கு மேல் போகவேண்டாம், உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு ஒத்துக்கொள்ளாமல் தலைசுற்றல் வரலாம் என்று முடிவு செய்தார்கள். நிமிடத்துக்கு ஒரு சுற்றில் பூமியின் அளவுக்கு எடை வேண்டுமானால் ஆரம் ஏறக்குறைய 890 மீட்டர் இருந்தாக வேண்டும். அவ்வளவுதான், நகரத்தின் குறுக்களவு சுமார் 1.8 கிலோமீட்டர் என்று முடிந்துவிட்டது. மனிதனின் காது நகரத்தின் அளவைத் தீர்மானித்துவிட்டது!

அந்த அகலத்துக்கு முழு உருளை கட்டினால் பொருள் தாங்காது. ஆகவே ராட்சத சைக்கிள் ட்யூப். நடுவே அச்சு, ஆரக்கால்கள். ட்யூபுக்குள் 10,000 பேர், வீடுகள், வயல்கள். 'ஸ்டான்ஃபோர்ட் டோரஸ்' என்று பேர். அடுத்தது கதிர்வீச்சு. அதைத் தடுக்க ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 4.5 டன் மண் சுற்றிலும் போர்த்த வேண்டும். மொத்தம் சுமார் ஒரு கோடி டன்னில் பெரும்பகுதி இந்த மண் போர்வைதான். செலவு அன்றைய மதிப்பில் சுமார் 190 பில்லியன் டாலர். அந்த அறிக்கைக்காக டான் டேவிஸ், ரிக் கைடிஸ் என்ற ஓவியர்கள் வரைந்த படங்களை நீங்களும் எங்காவது பார்த்திருப்பீர்கள். உருளைக்குள் ஆறு, மலைச்சரிவு, மாலை விருந்து. தலைக்கு மேலேயும் ஊர்.

*

இந்த மாதிரி வேலை இவர்களோடு தொடங்கவில்லை. ரஷ்யாவில் காது கேளாத பள்ளி ஆசிரியர் சியால்கோவ்ஸ்கி ஆரம்பித்து வைத்தது. 1929ல் பெர்னால் என்ற விஞ்ஞானி 16 கிலோமீட்டர் கோளம் ஒன்றைப் பற்றி எழுதினார். 1933ல் லிவர்பூலில் தொடங்கிய பிரிட்டிஷ் கோளிடைச் சங்கத்தின் கதை இன்னும் ருசி. 1875ம் வருடத்து வெடிமருந்துச் சட்டத்தால் அங்கே சொந்தமாக ராக்கெட் செய்ய முடியாது. செய்யத்தானே தடை, வரையத் தடையில்லையே! நிலவுக்குப் போகும் கப்பலைக் காகிதத்திலேயே முழுசாக வடிவமைத்தார்கள். ஆர்தர் கிளார்க் அந்தச் செட்தான்.

எல்-5 காரர்கள் இதைக் கொஞ்சம் மாற்றினார்கள். அவர்கள் தங்களை ராக்கெட் ரசிகர்களாக நினைக்கவில்லை, அங்கே குடியேறப் போகிறவர்களாக நினைத்தார்கள். ராக்கெட் ரசிகன் "எப்படிப் போவது" என்று கேட்பான். குடியேறப் போகிறவன் "போய் என்ன சாப்பிடுவது" என்று கேட்பான். ஹென்சன் தம்பதி 1975 பிரின்ஸ்டன் மாநாட்டில் படித்த கட்டுரையே மூடிய இடத்தில் விவசாயம் செய்வதைப் பற்றியதுதான். மாடு அங்கே கட்டுப்படியாகாது, முயலும் ஆடும் தேவலை என்கிற ரீதியில் போகும் ஆராய்ச்சி. வீட்டிலும் முயல் வளர்த்தார்கள். பிள்ளைகளை என்ன பள்ளியில் சேர்ப்பது, வீட்டு வாடகை யாருக்கு, ஓட்டு யாருக்கு, சண்டை வந்தால் எந்த நாட்டுச் சட்டம் என்றெல்லாம் கணினி வேலை பார்ப்பவர்களும் கல்லூரி மாணவர்களும் இல்லத்தரசிகளும் உட்கார்ந்து விவாதித்தார்கள்.

கையால் செய்தும் பார்த்தார்கள். நிலவு மண்ணை ராக்கெட் இல்லாமல் மின்காந்தத்தால் வீசியெறிய 'மாஸ் டிரைவர்' என்று ஒன்று வேண்டும். 1977ல் எம்.ஐ.டி.யில் ஹென்றி கோல்ம் என்பவரோடு சேர்ந்து மாணவர்கள் ஒரு மாதிரியைக் கட்டினார்கள். ஒரு வாளியை பூமி ஈர்ப்பைப் போல முப்பது மடங்குக்கு மேல் முடுக்கிக் காட்டியது. அதே வருடம் ஓநீல் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கினார். மாஸ் டிரைவரின் அடுத்தடுத்த மாதிரிகளுக்குப் பணம் வந்தது பெரும்பாலும் அதன் சந்தாதாரர்களிடமிருந்து.

*

எதிர்ப்பு இல்லாமல் இருக்குமா? 1977ல் தொலைக்காட்சியில் இதைப் பற்றி நிகழ்ச்சி வந்தது. பார்த்த செனட்டர் பிராக்ஸ்மயர், இந்தக் கிறுக்குக் கனவுக்கு ஒரு பைசா தரமாட்டேன் என்றார். நாசாவின் செலவுக்குக் கத்தரி வைக்கும் இடத்தில் இருந்தவர் என்பதால் அது வெறும் பேச்சாக முடியவில்லை.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறொரு சண்டை. ஸ்டூவர்ட் பிராண்ட் என்பவர் தன் காலாண்டிதழில் இதை விவாதத்துக்கு வைத்தார். விவசாயியும் எழுத்தாளருமான வெண்டல் பெரி கடுமையாக எதிர்த்தார். இருக்கிற மண்ணைப் பாழ்பண்ணிவிட்டு அடுத்த மண்ணுக்குப் போகும் பழைய அமெரிக்கப் புத்திதான் இது என்பது அவர் வாதத்தின் சாரம். கார்ல் சேகன் திட்டத்தை ஆதரித்தார், ஆனால் ஒரு சொல்லை எதிர்த்தார்: 'காலனி'. அடிமைப்படுத்திய வரலாறு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, விண்வெளி நகரங்கள் என்று சொல்லுங்கள் என்றார். நாசாவின் அறிக்கை 1977ல் அச்சில் வந்தபோது அதன் தலைப்பில் காலனி இல்லை, 'குடியிருப்புகள்' என்றுதான் இருந்தது.

தமிழனுக்கு இதை விளக்கவே வேண்டாம். நகரத்தில் காலனி என்றால் வங்கி ஊழியர் காலனி, ரயில்வே காலனி. கிராமத்தில் காலனி என்றால்? ஊர் தனி, காலனி தனி. பஸ்ஸில் "காலனி ஸ்டாப்பா?" என்று கேட்கும் தொனியிலேயே எல்லாம் இருக்கும். 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். சேகன் சொன்னதற்கும் அதற்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் வரைபடம் போடும்போதே யார் எங்கே இருக்கவேண்டும் என்பதும் முடிவாகிவிடுகிறது, பெயர் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது என்பது இரண்டுக்கும் பொது.

*

இந்தச் சங்கம் உருப்படியாக ஜெயித்த சண்டை ஒன்று உண்டு. அது நம் நாட்டுக்கு எதிர்ப்பக்கம்.

1979 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 'நிலவு ஒப்பந்தத்தை' ஏற்றது. நிலவும் அதன் வளங்களும் மனிதகுலத்தின் பொதுச்சொத்து. சுரண்டுவது சாத்தியமாகும் நேரத்தில் அதை முறைப்படுத்த ஒரு சர்வதேச அமைப்பு வரவேண்டும் என்பது அதன் மையம். ஏழை நாடுகளின் கண்ணில் இது நியாயம். எல்-5 காரர்கள் கண்ணில் இது சாவுமணி. நிலவு மண்ணை எடுக்க உலகமே கையெழுத்துப் போடவேண்டும் என்றால் எந்தக் காலத்தில் வீடு கட்டுவது? லீ ராட்டினர் என்ற வழக்கறிஞரை அமர்த்தினார்கள். கடல்சட்டப் பேச்சுவார்த்தைகளில் பழம் தின்றவர். அவர் இந்த அமெச்சூர்களுக்கே செனட்டர்களைச் சந்தித்துப் பேசும் வித்தையைக் கற்றுக்கொடுத்தார். கடிதங்கள், தொலைபேசிகள், நேரடிச் சந்திப்புகள். அமெரிக்கா ஒப்பந்தத்தில் சேரவில்லை. இவர்களால் மட்டுமே என்று சொல்லமுடியாது, ஆனால் இவர்கள் பங்கு கணிசம்.

இந்தியா 1982 ஜனவரியில் அதில் கையெழுத்திட்டது, ஆனால் உறுதி செய்யாமல் விட்டுவிட்டது. 2023 ஜூனில், நிலவின் வளங்களை எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஏற்கும் அமெரிக்காவின் ஆர்ட்டெமிஸ் உடன்பாட்டிலும் கையெழுத்திட்டது. இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவே 41 வருடம். அடுத்த இரண்டு மாதத்தில் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. கையில் சாவி இல்லாதபோது பொதுச்சொத்து என்பதும், சாவி வந்தபிறகு பார்க்கலாம் என்பதும்... நாமும் மனிதர்கள்தானே.

*

ஏன் தோற்றார்கள்? முதல் காரணம் வண்டிச்சத்தம். ஸ்பேஸ் ஷட்டில் வாரத்துக்கு ஒன்று பறக்கும், கட்டணம் அடிமட்டத்துக்கு வரும் என்ற எழுபதுகளின் வாக்குறுதியை நம்பிக் கணக்குப் போட்டார்கள். ஷட்டில் அதிகபட்சமாகப் பறந்தது 1985ல், அதுவும் 9 முறை. 1986 ஜனவரியில் சேலஞ்சர் வெடித்தது. 30 வருடத்தில் மொத்தம் 135 பயணம்.

இரண்டாவது காரணம் மண். டூசானுக்குப் பக்கத்திலேயே, ஆரக்கிள் என்ற ஊரில், 1991ல் 'பயோஸ்பியர்-2' என்ற கண்ணாடிக் கூடாரத்துக்குள் எட்டுப் பேர் இரண்டு வருடத்துக்குப் பூட்டிக்கொண்டார்கள். உள்ளேயே பயிர், உள்ளேயே காற்று. 16 மாதத்தில் ஆக்சிஜன் 20.9 சதத்திலிருந்து சுமார் 14.5க்கு இறங்கியது. வளமான மண்ணில் இருந்த நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றன. அவை விட்ட கரியமில வாயுவை கான்கிரீட் சுவர் உறிஞ்சிக்கொண்டது. கான்கிரீட்டை யார் சந்தேகப்படுவார்கள்! வெளியிலிருந்து ஆக்சிஜன் செலுத்த வேண்டியதாயிற்று. ஆரிசோனாவில் அது லாரி வரும் தூரம். எல்-5ல் லாரி வராது.

1987ல் எல்-5 சொசைட்டி, வான் பிரான் தொடங்கிவைத்த தேசிய விண்வெளிக் கழகத்தோடு இணைந்து மறைந்தது. அப்போது உறுப்பினர்கள் சுமார் 10,000 பேர். சைக்கிள் ட்யூபின் ஜனத்தொகை! ஆள் ரெடி, வீடுதான் இல்லை. ஓநீல் 1992ல் ரத்தப் புற்றுநோயில் காலமானார். 1997 ஏப்ரலில் அவர் அஸ்தியில் ஒரு சிட்டிகை ராக்கெட்டில் ஏறி பூமியைச் சுற்றியது.

*

நவி மும்பைக்கு வருகிறேன். 1965ல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா என்ற இரு கட்டிடக்கலைஞர்களும் ஷிரிஷ் படேல் என்ற பொறியாளரும் 'மார்க்' இதழில் ஒரு யோசனையை வெளியிட்டார்கள். பம்பாய் வடக்கே நீண்டுகொண்டே போகிறதே, கடற்கழிக்கு அந்தப்பக்கம் புது நகரம் கட்டினால் என்ன? அரசு கேட்டு எழுதியதில்லை. மூன்று பேர் தாங்களாக வரைந்தது. 1970ல் அரசு சிட்கோ என்ற நிறுவனத்தை அமைத்தது. இன்று காலை நான் ரயில் ஏறிய ஸ்டேஷன் அந்தக் காகிதத்திலிருந்து முளைத்தது. ஆக, போகாத ஊருக்குப் பிளாட் போடுகிறவர்களைப் பார்த்து ஒரேயடியாகச் சிரிக்க முடியாது.

ஆனால் அந்த இடம் காலி இடம் இல்லை. 95 கிராமங்களின் நிலம். வயலும் உப்பளமும் மீன்பிடியுமாக ஆக்ரிகளும் கோலிகளும் வாழ்ந்த இடம். நில இழப்பீட்டுக்காக 1984ல் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. என் அடுக்குமாடிக்குப் பின்னாலேயே ஒரு பழைய கிராமம் இருக்கிறது. வரைபடத்தில் அது ஒரு சின்னப் புள்ளி.

ஓநீலின் கனவில் என்னைக் கட்டிப்போடுவது இதுதான். யாரையும் விரட்டாமல் ஊர் கட்ட முடிகிற ஒரே இடம் அது. அவரும் இதைப் பெருமையாகவே சொன்னார். வெண்டல் பெரி கேட்டதும் நியாயம்தான்: விரட்டிப் பழகிய புத்தியை இங்கேயே விட்டுவிட்டு வண்டி ஏறுவீர்களா? காற்றுக்கும் தண்ணீருக்கும் மீட்டர் ஓடும் ஊரில், மீட்டர் யார் கையில்? 2019ல் ஜெஃப் பெசோஸ் மேடையேறி ஓநீலின் உருளைகளையே மறுபடி படம் போட்டுக் காட்டினார். மாணவராக பிரின்ஸ்டனில் படித்தவர்தான். 1975ல் மடல் அச்சடித்தவர்கள் கேட்ட வாடகை, ஓட்டு, சட்டம் போன்ற கேள்விகளை அந்த மேடையில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இன்னும் கேட்கிறவர்கள் உண்டு. 1994ல் நாசா எய்ம்ஸ் மையம் பள்ளி மாணவர்களுக்காக விண்வெளிக் குடியிருப்பு வடிவமைப்புப் போட்டி ஒன்றை ஆரம்பித்தது. எல்-5 சங்கத்தின் வாரிசான தேசிய விண்வெளிச் சங்கம் பிற்பாடு அதைப் பொறுப்பேற்று, ஓநீல் பெயரையே அதற்கு வைத்தது. வருடாவருடம் அதற்கு வந்து குவியும் வடிவமைப்புகளில் இந்தியப் பிள்ளைகளின் பங்கு மிகப் பெரியது. உங்கள் வீட்டில் எட்டாவது, ஒன்பதாவது படிக்கிற பிள்ளை அப்படி ஒரு நகரத்தை வரைந்துகொண்டு வந்தால், ஆரம் சரியா, ஆக்சிஜன் போதுமா என்று பாருங்கள். அதோடு ஒன்று கேளுங்கள்: "இதுல குப்பை அள்ளுறவங்க வீடு எந்தப் பக்கம் கண்ணு?"